கர்ப்பப்பை என்று சொல்லுங்கள்: மகளிர் நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் மலேசிய நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மகளிர் நோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கும், ஹவுஸ்மேன் என்னும் பயிற்சி மருத்துவத் தம்பி தங்கைகளுக்கும், தாதியருக்கும் வணக்கம்.

நான் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழைய பெயர் மலாயில் கொச்சையாக ஒலிக்கிறது என்று 2007-இல் மாற்றினார்கள். சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகள் பல இடிந்துவிட்டன. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

நான் பேச வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. ஹிஸ்டெரெக்டமி, கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேசனின் பெயர். நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறீர்களோ தெரியாது. என் அம்மா அதை ஒரே ஒரு முறை கேட்டார். கேட்டதைப் பதினோரு வருடம் மனதில் போட்டுப் புழுங்கினார்.

2005-இல் அம்மாவுக்கு 44 வயது. சின்ன வயதில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார். மாதவிடாய் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். யாரிடமும் சொல்லவில்லை. அடுக்கடுக்காகத் துணி வைத்துக்கொண்டு, கறுப்புக் கைலி கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலேயே மயங்கி விழுந்தார். கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே அம்மாவின் உயிரைக் காப்பாற்றினார்கள், அதை நான் மறக்கவில்லை. ஸ்கேன் எடுத்தால் ஃபைப்ராய்டு. கர்ப்பப்பையின் தசையிலேயே வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லாதது. ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. இரண்டு பை ஏற்றி, ஆபரேசனுக்கு நாள் குறித்தார்கள். செய்ய வேண்டிய ஆபரேசன்தான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் அப்போது வேறு மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் (மக்தாப்பில்) இருந்தேன். அப்பா செம்பனை லாரி ஓட்டப் போய்விட்டார். கையெழுத்து வாங்க வந்த நேரத்தில் அம்மாவோடு இருந்தது பதினான்கு வயதுத் தம்பி மட்டும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் செய்தி வரை ஒரு வரி விடாமல் படிப்பார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பாரத்தில் (படிவத்தில்) தமிழ் இல்லை. வந்த ஹவுஸ்மேன் நம்ம பிள்ளைதான், தமிழ்ப் பெண். "ஆண்ட்டி, ஃபைப்ராய்டு பெரிசா இருக்கு. ஹிஸ்டெரெக்டமி பண்ணணும். யூட்ரஸை ரிமூவ் பண்ணிடுவோம், பயப்படாதீங்க" என்று அன்பாகத்தான் சொன்னாராம். அம்மாவுக்கு விளங்கியது "பெரிசா இருக்கு" என்பதும் "பயப்படாதீங்க" என்பதும்தான். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஐந்து வருடம் மருத்துவம் படித்தது ஆங்கிலத்தில். கர்ப்பப்பை என்ற சொல் அவர் வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் போனதும் அம்மா தம்பியிடம் பாரத்தைக் காட்டி, "என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டார். அவன் எழுத்துக் கூட்டிப் பார்த்தான். ஹிஸ்தெரெக்தோமி. அவனுக்குத் தெரிந்த ஒரு சொல் அதற்குள் இருந்தது. ஹிஸ்தேரியா. மலாயில் எழுதினால் இரண்டுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றே. அந்த வருடம்தான் அவன் பள்ளியில் மாணவிகள் சிலர் ஒருவர் பின் ஒருவராக அலறி மயங்கி விழுந்திருந்தார்கள். ஓதுவதற்கு ஆள் வந்து, இரண்டு நாள் பள்ளியை மூடினார்கள். எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான். நம் நாட்டில் ஹிஸ்தேரியா என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் எலக்ட்ரானிக் ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போன இளம்பெண்கள் கூட்டமாக அலறி விழுந்தபோதும் இதே சொல்தான். மருத்துவர் அதை மன அழுத்தம் என்பார். மலாய்க் கம்பத்திலும் நம் தோட்டத்திலும் பேய் பிடித்துக்கொண்டது என்பார்கள்.

தம்பி அம்மாவின் காதோடு சொன்னான்: "மா, உங்களுக்கு ஹிஸ்தேரியான்னு போட்டிருக்கு."

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தமிழில் தன் பெயரை மெதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டிக்குச் செய்தி போயிற்று. வேப்பிலை அடித்தார்கள், இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் விடுமுறையில் வந்தபோது "கட்டியை எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்கள், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அதன் பிறகு அம்மா லயத்தில் யார் வீட்டுப் பச்சைப்பிள்ளையையும் தூக்க மாட்டார். "கை வலிக்குது" என்பார். கோயிலில் பால்குடம் எடுப்பதை நிறுத்திக்கொண்டார். வயதாகிறது, களைப்பு என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? விஷயம் தெரிந்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் முதலாண்டில் கடந்து போயிருப்பீர்கள். ஆனாலும் ஒரு தமிழாசிரியையின் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.

கிரேக்கத்தில் ஹிஸ்டெரா என்றால் கருப்பை. எக் என்றால் வெளியே, டொமே என்றால் வெட்டு. கருப்பையை வெட்டி வெளியே எடுப்பது, அவ்வளவுதான். அந்த டொமேதான் ஆட்டம் என்ற சொல்லிலும் இருக்கிறது: வெட்ட முடியாதது, அணு. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு நிமிடத்தில் விளங்கவைத்துவிடலாம். இதில் பேயும் இல்லை, பித்தும் இல்லை.

பித்து வந்தது வேறு வழியில். பழைய கிரேக்கர்கள் கருப்பை பெண்ணின் உடலுக்குள் அலையும் என்று நம்பினார்கள். பிள்ளை பெறாமல் நெடுநாள் இருந்தால் அது கோபம்கொண்டு உடம்பெங்கும் சுற்றி மூச்சை அடைக்கும் என்று பிளேட்டோவே எழுதிவைத்தார். அரிட்டேயஸ் என்ற மருத்துவர், விலங்குக்குள் இருக்கும் இன்னொரு விலங்கு என்றார். அதைத் திரும்பக் கீழே விரட்ட மூக்கருகே நாற்றமடிக்கும் பொருளைக் காட்டுவார்கள், கருகிய முடியின் புகைகூட அதில் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோட்டத்தில் பேய் ஓட்ட மிளகாய் வற்றலும் முடியும் சுட்டுப் புகை போட்டதை நான் சிறுபிள்ளையாய்ப் பார்த்திருக்கிறேன். கடல் கடந்த இரண்டு இடத்திலும், ஒரு பெண் மூச்சுத் திணறி விழுந்தால் அவள் மூக்கில் புகையைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்திலேயே மறுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் எபேசு நகரைச் சேர்ந்த சொரானஸ், பிரசவமும் பெண் நோயும் பார்த்தவர், கருப்பை ஒன்றும் குகையை விட்டு வெளியேறும் காட்டு மிருகம் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. கருப்பையால் வரும் மூச்சடைப்பு என்று தொடங்கியது, நூற்றாண்டுகள் போகப் போகப் பெண்ணின் அழுகை, கோபம், மயக்கம் எல்லாவற்றுக்கும் ஹிஸ்டீரியா என்ற ஒரே பெயராக முடிந்தது. 1886-இல் வியன்னாவில் ஃப்ராய்டு ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா வரும் என்று பேசியபோது, ஒரு முதிய அறுவை மருத்துவர் எழுந்து, அந்தச் சொல்லுக்கே கருப்பை என்றுதானே பொருள், ஆணுக்கு எப்படி வரும் என்று கேட்டாராம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல்தான் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தது.

ஆக, என் தம்பி படித்தது முழுத் தப்பும் இல்லை. இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். ஒன்று ஆபரேசனின் பெயர். மற்றது இரண்டாயிரம் வருடப் பழி. பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல அந்த வார்டில் ஆள் இல்லை.

இதே உறுப்புக்கு நம் கையில் எப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். மலாயில் ரஹிம். அரபியிலிருந்து வந்தது. இரக்கம், கருணை என்பதற்கும் அதே வேர். உறவு விடாமல் பழகுவதைச் சிலாத்துரஹிம் என்கிறார்கள், ஒரு கருப்பையால் வந்த பிணைப்பு என்றுதான் அதற்கு அடிப்படைப் பொருள். பெரனாக்கான் என்றும் மலாயில் கருப்பைக்குப் பெயர் உண்டு. அனாக் என்றால் பிள்ளை, பிள்ளை இருக்கும் இடம் பெரனாக்கான். தமிழில் கருப்பை, கருவறை. கோயிலில் சாமி இருக்கும் அறைக்கும் நாம் கருவறை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். சகோதரன் என்ற வடசொல்லில் இருப்பது உதரம், வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன். கிரேக்கர்களும் உடன்பிறந்தவனை அதெல்ஃபாஸ் என்றார்கள், ஒரே கருப்பையிலிருந்து வந்தவன் என்று பொருள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது கருப்பைக்கு அவர்களிடம் இருந்த இன்னொரு பெயர், டெல்ஃபிஸ். கிரேக்கர்களிடமும் நல்ல சொல் இருந்திருக்கிறது. மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது மற்றது.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கர்ப்பப்பை என்று சொல்லவே மாட்டோம். வயிறு என்போம், அடிவயிறு என்போம், "அந்த இடம்" என்போம், "பை" என்று பாதியில் நிறுத்துவோம். "என் வயித்துல பொறந்தவன்" என்னும்போது வயிறு கருப்பை. "வயிறு சரியில்ல" என்னும்போது அது குடல். "வயித்துல கட்டி" என்று ஒரு பெண் வந்து நின்றால் உங்களுக்குச் சிரமம்தான். எங்கள் ஊர்ப் பெயரையே வெட்கப்பட்டு மாற்றினோம், இதைச் சொல்லவா வாய் வரும்? அதனால்தான் முதலில் நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் "கர்ப்பப்பை" என்று சொன்னால், கேட்கிற அம்மாவுக்கும் அது சாதாரணச் சொல் ஆகிவிடும்.

2016-இல் அம்மாவைப் பாப் ஸ்மியருக்கு, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு, கிளினிக்கில் கூப்பிட்டார்கள். இந்த முறை நான் கூடப் போனேன். ஆபரேசன் நடந்தது என்றதும் அங்கிருந்த மலாய்த் தாதி, கர்ப்பப்பை வாயும் எடுத்தார்களா, சினைப்பை (ஓவரி) இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வாய்ப்பகுதி உள்ளே இருந்தால் பாப் ஸ்மியர் தொடர்ந்து எடுக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். நல்ல வேளையாக அம்மா பழைய டிஸ்சார்ஜ் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருந்தார். அதில் மூன்றே எழுத்து: டி.ஏ.எச்.

அந்தத் தாதி அக்கா அவசரப்படவில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்தது. ஒரு பாரத்தைத் திருப்பி, பின்பக்கம், மணி வடிவில் இருக்கும் ஜம்பு ஆயிர் பழத்தைக் கவிழ்த்த மாதிரி வரைந்தார். அகலம் மேலே, குறுகல் கீழே. இதுதான் ரஹிம். இந்தக் குறுகல்தான் அதன் வாய். இரண்டு பக்கமும் குழாய், குழாயோரத்தில் சின்னதாக இரண்டு முட்டைப் பை. டி என்றால் முழுசாக, வாயோடு சேர்த்து. ஏ என்றால் வயிற்றைத் திறந்து. எச் என்றால் ரஹிமை எடுத்தது. இவ்வளவுதான் எழுதியிருக்கிறது, அதனால் முட்டைப் பை இரண்டும் இன்னும் உங்களிடம்தான் இருக்கும் என்று படத்தில் தொட்டுக் காட்டினார்.

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மலாயில் கேட்டார்: "ஜாடி, புக்கான் ஹிஸ்தேரியா?" அப்படியானால் ஹிஸ்தேரியா இல்லையா?

எனக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் என்னை அதிகம் உலுக்கியது கடைசி ஐந்து வருடக் கதை. ஐம்பது வயது வாக்கில் திடீர் திடீரென்று உடம்பு காந்தியிருக்கிறது, ராத்திரியில் பாய் நனைய வேர்த்திருக்கிறது, நெஞ்சு படபடத்திருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான். சினைப்பை இருந்ததால் அதுவரை சுரப்பு நடந்து, அந்த வயதில்தான் அடங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் கர்ப்பப்பை இல்லாதவருக்கு மாதவிடாய் ஏற்கெனவே நின்றுபோயிற்று, அதனால் இது எதனால் என்று கண்டுகொள்ள வழியில்லை. போனது திரும்ப வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய் மந்திரித்த தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். பக்கத்து அறையில் படுத்திருந்தவள் நான்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். வார்டில் ஒரு ஹவுஸ்மேன் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும் முன் எதை எடுக்கப் போகிறீர்கள், எதை விட்டுவைக்கிறீர்கள், அப்புறம் உடம்பில் என்ன மாறும் என்று அந்தப் பெண்ணின் மொழியில் சொல்லுங்கள். தமிழ் வராத மருத்துவர் மலாயிலேயே சொல்லலாம். ரஹிம் என்றால் எங்கள் அம்மாக்களுக்கு விளங்கும், கிரேக்கம்தான் விளங்காது. தமிழ் தெரிந்தவர்கள் "யூட்ரஸ் ரிமூவ்" என்பதை விட்டுவிட்டு "கர்ப்பப்பையை எடுக்கப் போறோம்மா" என்று சொல்லுங்கள். ஓவரியைச் சினைப்பை என்று சொல்லி விளங்காவிட்டால் முட்டைப் பை என்று சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. நான் தமிழாசிரியைதான், ஆனாலும் இந்த இடத்தில் அகராதிச் சொல் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "விளங்குதா?" என்று கேட்டால் எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) முன்னாலும், கிராணி (கணக்கர்) முன்னாலும், டிரசர் (மருந்தகப் பணியாளர்) முன்னாலும் ஆட்டிப் பழகிய தலை.

டிஸ்சார்ஜ் கார்டில் அந்த எழுத்துகளுக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். "கர்ப்பப்பையும் அதன் வாயும் எடுக்கப்பட்டன. சினைப்பைகள் உள்ளன." இரண்டு வாக்கியம். ஆஸ்பத்திரிகளில் வைக்க ஒரு படமும் ஒரு பக்கத் தமிழ் விளக்கமும் போதும் என்று நினைக்கிறேன். மருத்துவர் ஒருவர் சரிபார்த்துக் கொடுப்பதாக இருந்தால், எழுதித் தர நான் தயார். எங்கள் பள்ளியில் இன்னும் மூன்று ஆசிரியைகள் சனிக்கிழமைகளில் உட்காரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜம்புப் பழத்தை நானே வரைந்துவிடுவேன்.

அம்மாவுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கிளினிக்கிலிருந்து வந்த அடுத்த வாரமே எதிர்வீட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தைப்பூசத்துக்குப் பால்குடமும் எடுத்தார். தம்பியிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எங்களிடம் சொல்லிவைத்திருந்தார், "சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்" என்று. போன மாதம்தான் நான் அவனிடம் சொன்னேன். அவனுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதை நீ எழுது என்றான்.

இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் தாமானில் ஓர் அக்கா அடுத்த மாதம் வார்டில் சேரப் போகிறார். வயது 46. போன வாரம் தன் கார்டை அம்மாவிடம் காட்ட வந்தார். அதில் அம்மாவுக்கு இருந்த மூன்று எழுத்தோடு இன்னும் மூன்று இருந்தன: டி.ஏ.எச்.பி.எஸ்.ஓ. கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு குழாய், இரண்டு சினைப்பை, எல்லாமே. ஆபரேசன் முடிந்ததும் அவருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் ஒரேயடியாக வந்துவிடும். உடம்பு காந்தும், தூக்கம் கெடும், எலும்பையும் கவனிக்க வேண்டியிருக்கும். அவரைக் கேட்டால் "கட்டியை எடுக்கிறாங்களாம்" என்கிறார். அம்மா ஜம்புப் பழம் வரைந்து தெரிந்த வரைக்கும் சொல்லிப் பார்த்தார். ஏன் சினைப்பையையும் எடுக்கிறார்கள் என்று அக்கா கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அது உங்களுக்குத்தான் தெரியும். அவர் கையெழுத்துப் போட வரும்போது அதைச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

அன்புடன்,
பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை